உப்புக் கரித்த விளக்கு

காதர் பாய் விளக்கைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒரு தேக்கரண்டி அளவுக்குத் தண்ணீர் விழுந்தது. லேசான பச்சை நிறம். அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு சுண்டுவிரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்தார்.

"உப்பு" என்றார். உடனே திரும்பி, வாய் கொப்பளித்துத் துப்பினார்.

பேகம்பூரில் அவருடைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. ஒரு திங்கட்கிழமை காலை. எதிரே நின்றிருந்த லாரியின் இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே, விளக்கு இருந்த இடத்தில் இரண்டு வயர்கள் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அதே விளக்கு, அதே இடம், மூன்றாவது தடவை.

மழைத் தண்ணீராக இருக்கும் என்றான் லாரியின் சொந்தக்காரனும் ஓட்டுநருமான அந்தோணி. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெய்தாலும் எங்கள் ஊர் மழை உப்புக் கரிக்காது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திண்டுக்கல்காரர்கள் பஸ் ஏறி அரை நாள் போக வேண்டும்.

காதர் பாய் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே அந்தோணி, வண்டிய மலைக்கு ஓட்டுறியா, ராமேஸ்வரத்துக்கு ஓட்டுறியா?"

நான் அங்கே இருந்த காரணம்

அச்சுக்கூடம், ஆசிரியர் குழு, பிழை திருத்தம் என்று இந்தத் தொடரில் இத்தனை வாரம் நான் எழுதியதில் சலித்துப்போன ஒரு வாசகி, பத்திரிகையை விட்டபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதியிருந்தார். லாரிப் பட்டறையில் போகிறது என்பதே உண்மையான பதில்.

அந்தோணியும் அவன் மனைவி ஸ்டெல்லாவும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள். இருவரும் எனக்கு இருபது வயது இளையவர்கள். அந்தோணிக்கு ஆறு கியர்களும் அத்துப்படி. ஆனால் இரண்டு பக்க விண்ணப்பம் ஒன்றைக் கண்டால் வியர்த்துவிடும். அவனுடைய இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுத் தாள்களை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பதிலுக்கு அவன் என்னை லாரியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறான். செய்தியாளராக இந்த மாவட்டம் முழுவதும் பஸ்ஸில் அலைந்திருக்கிறேன். லாரியின் உயரத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாவட்டம். சுவர்களுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். எரியோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் ஆசிரியர் ஒருவர் தனியாகக் கயிறு தாண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முன்பு பார்த்திருந்தால் பெட்டிச் செய்தி ஆக்கியிருப்பேன்.

இடப்பக்கம்

லாரி ஓட்டுநருக்கு வலப்பக்கம் சொந்த வீடு மாதிரி. தலையை நீட்டினால் சக்கரம் தெரியும். இடப்பக்கம் அடுத்த ஊர். அங்கே நடப்பதைக் கண்ணாடி சொன்னால்தான் உண்டு.

முன்பெல்லாம் அந்தப் பக்கத்துக்கு ஒரு கிளீனர் இருந்தார். கதவுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு, கதவைத் தட்டித் தட்டியே வண்டியை நடத்துவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். சரமாரியாகத் தட்டினால் காரியம் கெட்டது என்று பொருள். அந்தோணி மாதிரி ஒற்றை வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது தனியாகவே போய் வருகிறார்கள்.

அவனுடைய வண்டி சிறுமலையிலிருந்து மலைவாழை இறக்கும் வண்டி. பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். பள்ளம் ஒரு வளைவில் வலப்பக்கம் இருக்கும், அடுத்த வளைவில் இடப்பக்கத்துக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் ஒரு மாலை, பாரத்துடன் இறங்கும்போது மூடுபனி. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியதில் லாரியின் இடப்பக்கப் பின்சக்கரம் தார் விளிம்பைத் தாண்டிவிட்டது. வண்டி சாய்ந்து, ஒரு பாறையில் முட்டி நின்றது. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் இறங்கி, வாழைத்தார்களை ஒவ்வொன்றாகக் கைமாற்றி இறக்கிப் பாரத்தைக் குறைத்த பிறகுதான் அந்தோணி கதவைத் திறக்கத் துணிந்தான். முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை.

"ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்த லாரி" என்று என் கையால் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று அன்று யோசித்தேன். காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். பேனா தானாகவே அந்த நான்கு சொற்களை எழுதும். அந்தோணி எந்தக் கட்டுப்பாட்டையும் இழக்கவில்லை. தன் பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று அந்த மங்கலில் அவனுக்குத் தெரியவில்லை. செய்தியில் இது ஒரு தடவைகூட வந்ததில்லை. நாங்கள் கேட்டதில்லை.

ஸ்டெல்லாவின் நிபந்தனை

அவன் வீடு திரும்பிய அன்று ஸ்டெல்லா அழவில்லை. சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும், இனி மலைக்குப் போக வேண்டாம் என்றாள். அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் அந்தோணி சமவெளியிலேயே ஓட்டினான். ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி, எரியோட்டிலிருந்து தீவனம். சம்பாத்தியத்துக்குக் குறையில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் நின்று சிறுமலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பதினைந்து வருடம் ஒரே தோட்டத்துக்குப் போய் வந்தவன். அங்கே நாய்க்குக்கூட அவன் ஹாரன் தெரியும்.

கடைசியில் காதர் பாய்தான் வழி சொன்னார். கண்ணாடிக்கு அடியில், பின்சக்கரத்தை நோக்கி ஒரு விளக்கு. சக்கரமும் அது ஓடும் தரையும் வெளிச்சத்தில் இருந்தால், மூடுபனியிலும் கண்ணாடியில் விளிம்பு தெரியும். ஸ்டெல்லா யோசித்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். விளக்கு ஒரு வாரம் முழுக்க அணையாமல் வேலை செய்யட்டும், அப்புறம் போகலாம்.

முதலில் சாதாரண பல்பு. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எரியவில்லை. அடுத்து எல்.இ.டி. அதுவும் போயிற்று. மூன்றாவதாக, இன்னும் நல்ல எல்.இ.டி., தடித்த வயர், தனி ஃபியூஸ். இதுவும் நேற்று போய்விட்டது.

மலைத் தோட்டக்காரர் பொறுமையானவர். ஆனால் தைப்பூசம் வந்துகொண்டிருந்தது. பழநிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் பழம் இறங்க வேண்டும். புதன்கிழமை விடியலில் வண்டி வராவிட்டால் வேறு லாரியை நிரந்தரமாகப் பேசிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அதைவிடப் பெரிய சங்கடம், ஞாயிறு மதியம் ஸ்டெல்லா என்னிடம் சொன்னது.

"மூணு தடவை அணைஞ்சிருச்சுன்னா அது வெறும் லைட்டு இல்லக்கா. போக வேண்டாம்னு சொல்றாங்க."

பேசும்போது அவள் கண் சுவரில் இருந்த மாதா படத்தின் மேல் இருந்தது.

என்றைக்கு?

காதர் பாய் கழற்றிய விளக்கைக் குடைந்துகொண்டிருந்தார். பித்தளை முனைகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. இருபது வருடப் பழைய வண்டியில்கூட இம்புட்டுக் களிம்பு பார்த்ததில்லை, தான் பார்த்த வேலையில் குறை இல்லை என்று அவர் மூன்றாவது முறையாகச் சொன்னார். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம் அதிகம்.

எனக்குக் கருவிகள் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது கேள்வி கேட்பது மட்டும். யார், என்ன, எங்கே, என்றைக்கு. ஏன் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஏன் என்று முதலில் கேட்டால் எல்லோரும் கருத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

மூன்று தடவையும் என்றைக்கு அணைந்தது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றான் அந்தோணி. பூசை முடிந்து வந்து வண்டியைக் கழுவும்போது போட்டுப் பார்ப்பான், எரியாது. சனிக்கிழமை? எரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம்? எரிந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கும் இடையில் வண்டிக்கு என்ன நடக்கிறது?

"ஒண்ணும் நடக்காதுக்கா. வீட்டு வாசல்லதான் நிக்கும். ஸ்டெல்லா பூக் கட்டுவா, அம்புட்டுதான்" என்று சொன்னவன், சொல்லி முடித்த வாயை மூடவில்லை.

மூவரும் ஒரே நேரத்தில் கண்ணாடியைப் பார்த்தோம். கண்ணாடியைத் தாங்கும் கம்பியில் நிலக்கோட்டை மல்லிகைச் சரம் ஒன்று வாடித் தொங்கியது. அதற்கு நேர் கீழேதான், கழற்றும் முன் விளக்கின் மேல்பக்கம் வயர் நுழையும் துளை இருந்தது.

விபத்துக்குப் பிறகு தொடங்கிய பழக்கம் அது. சனிக்கிழமை மாதாவுக்கு உகந்த நாள். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா சரம் கட்டி, சக்கரம் வழுக்கிய அந்த இடப்பக்கத்தில் மட்டும் தொங்கவிடுவாள். பிறகு மாதா கோயிலிலிருந்து பாட்டிலில் வாங்கி வரும் தீர்த்தத்தைப் பூவின் மேல் நன்றாகத் தெளிப்பாள். அந்தத் தீர்த்தத்தில் மந்திரித்த உப்பு கலந்திருக்கும். அது கொஞ்சம்தான். வீட்டுக்கு வந்தபின், பலமாக இருக்கட்டும் என்று ஸ்டெல்லா தன் பங்குக்கு இன்னொரு கை மந்திரித்த உப்பைப் போட்டுக் கலக்குவாள். இரவு முழுக்க அந்தத் தண்ணீர் சரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வயர் வழியே விளக்குக்குள் இறங்கியிருக்கிறது.

காதர் பாய் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். தான் நாக்கில் வைத்தது எந்தத் தண்ணீர் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். துப்பிய இடத்தை ஒரு முறை பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தைக் கழுவிவிட்டார்.

யார் சொல்வது

சரி, இதை ஸ்டெல்லாவிடம் யார் சொல்வது?

காதர் பாய் முதலிலேயே விலகிக்கொண்டார். அந்தோணிக்குத் தைரியமில்லை. தான் சொன்னால், மலைக்குப் போகக் கதை கட்டுவதாக நினைப்பாள் என்றான். அதில் உண்மையும் இருந்தது.

"நீங்க பேப்பர்ல எம்புட்டு எழுதிருக்கீங்க, பொம்பளைக்குப் பொம்பளை பேசி முடிங்கக்கா" என்றான்.

மந்திரிகளுக்குப் பிடிக்காததை எழுதியிருக்கிறேன். ஒரு முறை என் பத்திரிகை முதலாளிக்குப் பிடிக்காததைக்கூட எழுதினேன். ஆனால் அதெல்லாம் அச்சில். எழுதியவள் வீட்டில் இருப்பாள், படித்தவர் அவர் வீட்டில் இருப்பார். மாடிப்படி ஏறிப் போய் நேருக்கு நேர் சொல்வது வேறு வேலை.

ஸ்டெல்லா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. விளக்குக்குள் உப்புத் தண்ணீர் இருந்தது, உப்பு பித்தளையை அரிக்கும், சனிக்கிழமை இரவில்தான் இறங்குகிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றேன்.

அவள் கை நின்றது.

"அப்ப நாந்தான் அணைச்சிருக்கேன். மூணு தடவையும்."

ஆமாம் என்றால் குத்துவது மாதிரி இருக்கும். இல்லை என்றால் பொய்.

"தண்ணியும் மாதா கோயில்லருந்து வந்ததுதானக்கா. அது வழியா வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

தெரியாது என்று சொன்னேன். அவள் அவரைக்காயை முறத்தோடு ஓரம் வைத்துவிட்டு எழுந்தாள். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். தானே பார்க்க வேண்டும் என்றாள்.

இரண்டு தம்ளர்

பட்டறைக்கு ஸ்டெல்லா வருவாள் என்று அந்தோணி எதிர்பார்க்கவில்லை. லாரிக்குப் பின்னால் போய் டயரில் காற்று சரிபார்க்கத் தொடங்கினான். பின்பக்க நான்கு டயரையும் இரண்டிரண்டு தடவை பார்த்தான்.

காதர் பாய் விளக்கமாகப் பேசவில்லை. மேசையில் ஒரு பேட்டரி வைத்தார். அதிலிருந்து ஒரு சின்ன எல்.இ.டி.க்கு வயர் இழுத்து, நடுவில் வயரை வெட்டினார். வெட்டிய இரண்டு முனைகளையும் ஒரு தம்ளரில் கேன் தண்ணீர் ஊற்றி அதற்குள் விட்டார். விளக்கு எரிந்ததா என்றே சந்தேகப்படும் அளவுக்கு ஒரு மினுக்கு. பிறகு இன்னொரு புது தம்ளரைக் கழுவி ஸ்டெல்லா பக்கம் நகர்த்தினார்.

"நீயே ஊத்து தங்கச்சி. அதுல நான் கை வைக்கக் கூடாது."

ஸ்டெல்லா ஊற்றினாள். வயர் முனைகளையும் அவளே உள்ளே விட்டாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தம்ளருக்குள் வயர் நுனியில் குமிழிகள் கிளம்பின. சற்று நேரத்தில் ஒரு நுனி, கழற்றிய விளக்கின் பித்தளை முனைகளைப் போலவே, பச்சையாக அரிக்கத் தொடங்கியது.

அவள் வயரை வெளியே எடுத்தாள், அணைந்தது. உள்ளே விட்டாள், எரிந்தது. எடுத்தாள். விட்டாள். நான்கைந்து தடவை செய்தாள். மாதாவும் மின்சாரமும் அவளுக்குள் என்ன பேசி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவள் கேட்டது இதுதான்.

"டயர் மேல தெளிச்சா ரப்பரை அரிக்குமா பாய்?"

"ரப்பருக்கு ஒண்ணும் ஆகாது. இரும்பு வளையத்துல படாமப் பாத்துக்க."

"வழுக்குனது டயருதான? அங்கதான் முதல்லருந்தே தெளிச்சிருக்கணும்."

அந்தோணி டயருக்குப் பின்னாலிருந்து மெதுவாக எழுந்தான். அவன் சிரித்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு காதர் பாய் வேலை பார்த்த விதம் தனி. முழுக்க மூடி அடைத்த எல்.இ.டி. ஒன்றை எடுத்தார். வயர் நுழையும் மேல்துளையை அடைத்துவிட்டு அடிப்பக்கம் புதிதாகத் துளை போட்டார். சுற்றிலும் சிலிக்கான் பசை. வயரை நேராக இழுக்காமல், கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினார். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், விளக்குக்குள் ஏறாது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி ஒரு தகர மறைப்பும் வைத்தார். பூவுக்குத் தனியாக, பம்பருக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி. யாரும் கேட்காமலே அதை அடித்தார்.

முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை விளக்கின் மேல் வீசினார். எரிந்தது. ஸ்டெல்லா பாட்டிலில் மிச்சமிருந்ததையும் அதன் மேல் ஊற்றினாள். அப்போதும் எரிந்தது.

ஒரு வாரக் கணக்குக்கு நேரமில்லை. புதன்கிழமைக்கு இரண்டே நாள். வண்டியில் ஏறப் போகும்போது ஸ்டெல்லா தானாகவே சொன்னாள்.

"போங்க. ஆனா நானும் வாரேன். கண்ணாடிய நான் பாத்துக்கிறேன்." என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்கக்கா. ரெண்டு பேரா போனா இவரு சண்டை போடுவாரு" என்றாள்.

மலை

புதன்கிழமை விடியலுக்கு முன் கிளம்பினோம். வலப்பக்கம் அந்தோணி, நடுவில் கியர் கம்பிக்குக் காலை ஒதுக்கியபடி நான், இடப்பக்க ஜன்னலோரம் ஸ்டெல்லா. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அந்த வண்டியில் மலை ஏறியதில்லை. மடியில் ஒரு ஸ்வெட்டரும் புளியோதரைப் பொட்டலமும்.

மூன்றாவது வளைவிலேயே மூடுபனி வந்துவிட்டது. முன்விளக்கின் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் அடித்தது போல் திரும்பி வந்தது. ஆனால் இடப்பக்கக் கண்ணாடியில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான வெளிச்சத்தில், ஈரமான டயரும் தார் விளிம்பும் அதற்கு அப்பால் புல்லும் துல்லியமாகத் தெரிந்தன. டயருக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம்.

ஸ்டெல்லா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். "இருக்கு. இருக்கு. இன்னும் இருக்கு." அந்தோணிக்கும் அது தெரியும். அவனும் அதே கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றான்.

வண்டி சாய்ந்த இடம் வந்தது. பாறை அப்படியே நின்றது. லாரியின் பெயின்ட் கொஞ்சம் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. ஏறும்போது அது வலப்பக்கம்; அந்தோணி வேகத்தைக் குறைத்துக் கைகாட்டினான். ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். இம்புட்டூண்டு பாறையா என்று மட்டும் கேட்டாள்.

பத்தாவது வளைவில் "இருக்கு" என்றாள். பதினொன்றிலும் சொன்னாள். பன்னிரண்டில் சத்தம் வரவில்லை.

என் தோளில் ஏதோ கனத்தது. திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் தலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை பொட்டலத்தின் மேல் கிடந்தது.

அந்தோணியும் பார்த்துவிட்டான். அடுத்த வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் வளைவு வந்தால் ஹாரன் அடித்தே ஆக வேண்டும். அவன் கை ஹாரன் பொத்தானுக்கு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு, வேறு வழியில்லாமல், நீளமாக அடித்தான்.

ஸ்டெல்லா விழிக்கவில்லை.